ஆடுகளம் நிறைந்திருக்கிறது, கேலரி காலி

விளையாட்டுப் பக்கத்தில் எழுதிப் பழகியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே போய் உட்கார்ந்தாலும் ஸ்கோர் எழுத ஆரம்பித்துவிடுவான். டிசம்பரில் ஒரு மதியம், சென்னையில் ஒரு சபாவில் உட்கார்ந்து நான் எழுதிய ஸ்கோர் இது: மேடையில் 4 பேர், கீழே 22 பேர். அந்த 22-இல் ஐந்தாறு பேர் பாடகியின் வீட்டு மனிதர்கள். இரண்டு பேர் மாலைக் கச்சேரிக்கு நல்ல இடம் பிடிக்க முன்கூட்டியே வந்தவர்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் ஏ.சி.யின் தயவில் நல்ல உறக்கம். இத்தனைக்கும் டிக்கெட் கிடையாது, கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

பாடிய பெண்ணுக்கு 17 வயது இருக்கும். வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாடினார். தொடக்க ஓவர்களில் ஒரு பந்துகூட மட்டையின் விளிம்பைத் தொடவில்லை. சுருதி இம்மி அசையவில்லை. பிரதான ராகமாகக் கரகரப்பிரியா. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. காந்தாரத்தில் நின்று, அசைத்து, கேட்பவரை ராகத்துக்குள் உட்காரவைக்க வேண்டிய இடத்தில் அவர் ஒற்றை ரன் எடுத்துக்கொண்டு ஓடினார். இரண்டே நிமிடத்தில் மேல் ஷட்ஜம் வந்துவிட்டது. பிருகாக்கள் சுத்தம், வேகம் அபாரம், ஆனால் ராகம் ஊறவில்லை. நிரவலும் நாலைந்து சுற்றோடு முடிந்தது. கல்பனாஸ்வரத்தில் மறுபடி ஃபார்முக்கு வந்தார். கடைசிக் கோர்வை எடுத்த இடத்துக்குக் குண்டூசி முனையில் வந்து விழுந்தது. என் மதிப்பெண்: நுட்பத்துக்கு 9, நிதானத்துக்கு 5.

அந்த ஐந்துக்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் நடுவரைக் கவர வேண்டும் என்று போட்டி மேடைகளுக்காகத் தயாரான கை அது. மணி அடிப்பதற்குள் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று பழகியவருக்கு, இரண்டு மணி நேரம் கையில் கொடுத்தாலும் அந்த மணியோசை காதுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். வயது ஏறினால், நல்ல கச்சேரிகள் கேட்டால், அது தானாகச் சரியாகிவிடும். எனக்குக் கவலை தந்தது அவருடைய ஐந்து அல்ல, கீழே இருந்த இருபத்திரண்டு.

ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை

இளைஞர்களுக்குச் சங்கீதத்தில் நாட்டமில்லை என்ற புலம்பலை ஒவ்வொரு மார்கழியிலும் கேட்கிறேன். மேடையைப் பார்த்தால் அது பொய். 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டின்போது முளைத்த யோசனையில் பிறந்து, 1928-இல் தொடங்கியது மியூசிக் அகாடமி. அங்கும் மற்ற சபாக்களிலும் காலப்போக்கில் உருவான ஏணியைப் பாருங்கள்: மதியத்தில் ஜூனியர், பிற்பகலில் சப்-சீனியர், மாலையில் சீனியர். எந்தக் கிரிக்கெட் வாரியமும் பொறாமைப்படக்கூடிய தகுதிப் படிக்கட்டு இது. 1985-இல் சென்னையில் இளைஞர்களே கூடித் தங்களுக்கென்று கர்நாடக இசை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் இயங்கிய பாடகர்கள் சஞ்சய் சுப்ரமணியன் 2015-இலும், டி.எம். கிருஷ்ணா 2024-இலும் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார்கள். ஆள் உருவாக்குவதில் இந்தத் துறை தோற்கவில்லை.

தோற்றிருப்பது வேறு இடத்தில். தெருவில் கிரிக்கெட் ஆடும் பதினோரு பையன்களில் பதினோரு பேரும் அந்தத் தெருவைத் தாண்டப் போவதில்லை. ஆனால் அத்தனை பேரும் சாகும்வரை கிரிக்கெட் பார்ப்பார்கள், திண்ணையில் உட்கார்ந்து கேப்டனைத் திட்டுவார்கள், பேரனுக்கு மட்டை வாங்கித் தருவார்கள். பாட்டு வகுப்பில் என்ன நடக்கிறது? பத்துப் பிள்ளைகள் சேர்கிறார்கள். ஒருத்தி மேடை ஏறுகிறாள். மற்ற ஒன்பது பேரும் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பாடுவதை நிறுத்தினால் பரவாயில்லை, கேட்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆடாதவனையும் ரசிகனாக்குகிறது கிரிக்கெட். நாமோ கற்றுக்கொண்டவனையே ரசிகனாக இருக்கவிடாமல் அனுப்பிவைக்கிறோம்.

காரணம் தேடித் தொலைவுக்குப் போக வேண்டாம். கிரிக்கெட்டில் பையன் முதலில் ஆட்டத்தைப் பார்க்கிறான், பிறகுதான் மட்டையைத் தொடுகிறான். இங்கே ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்டிராத குழந்தை மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று மாதக்கணக்கில் வலைப்பயிற்சி செய்கிறது. வரிசைகளில் குற்றம் இல்லை, அஸ்திவாரம் அப்படித்தான் போட வேண்டும். எந்த ஆட்டத்துக்காக இந்தப் பயிற்சி என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது என்பதுதான் குறை. இன்னொன்று: தெரு கிரிக்கெட்டில் ஆட முடியாதவனுக்கும் வேலை உண்டு. அம்பயராக நிற்பான், ஸ்கோர் எழுதுவான், எதிர்வீட்டு மதில் ஏறிப் பந்து எடுத்து வருவான். பாட்டு வகுப்பில் சுமாராகப் பாடும் பிள்ளைக்கு அப்படி ஒரு இடமே இல்லை.

பின்னால் போட்ட ஒரு பாய்

இடம் கொடுத்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பெரிய வித்வானாக இருந்தபோதே வளரும் கைகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தவர். பாலக்காடு மணி அய்யர் பதின்ம வயதிலேயே அவருக்கு மிருதங்கம் வாசித்தார். பெரியவர் எங்கே நிறுத்துவார், எங்கே நீட்டுவார் என்பதை ஓர் அடி தூரத்திலிருந்து பார்ப்பதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பிலும் கிடையாது.

எம்.எல். வசந்தகுமாரியின் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குரு ஜி.என். பாலசுப்ரமணியம் 1958-இல் சங்கீத கலாநிதி. எம்.எல்.வி. 1977-இல். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் கூடப்பாடிய சுதா ரகுநாதன் 2013-இல். எம்.எல்.வி.க்கு நெடுங்காலம் வயலின் வாசித்த ஏ. கன்யாகுமரி 2016-இல். அஞ்சலோட்டத்தில் கோலைக் கைமாற்றும் இடத்தில்தான் பந்தயம் ஜெயிக்கும், இல்லையென்றால் கோல் கீழே விழும். எம்.எல்.வி. கோலை வகுப்பறையில் கொடுக்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் கொடுத்தார்.

ஆனால் இது ஆட்டக்காரர்களை உருவாக்கும் வழி. ரசிகர்களுக்கு இதைவிட அகலமான பாய் வேண்டும். அதற்கும் நம்மிடம் மாதிரி இருக்கிறது. மார்கழி விடியலில் வாக்கேயக்காரர் பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை நடத்திக்கொண்டு போனார். அந்தக் கூட்டத்தில் சேரச் சுருதி சுத்தம் கேட்டு யாரும் நுழைவுத் தேர்வு வைக்கவில்லை. குளிரில் எழுந்து வந்தால் போதும். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் பஞ்சரத்னங்களைக் கோஷ்டியாகப் பாடுகிறார்களே, அதுவும் இதே ஏற்பாடுதான். முன்னால் பேர்பெற்ற வித்வான்கள், பின்னால் மாணவர்கள், அதற்கும் பின்னால் பாதி தெரிந்தவர்கள், பாதியும் தெரியாதவர்கள். விளையாட்டில் இதற்கு ஒரே ஒரு இணை சொல்வேன்: மாரத்தான். உலகச் சாம்பியனும் தொந்தியைக் குறைக்க வந்த குமாஸ்தாவும் ஒரே சாலையில் ஓடுவது அங்கே மட்டும்தான்.

அந்த ஐந்தில் வராளி பற்றி ஒரு வழக்கம் உண்டு. அதைக் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குரு சிஷ்ய உறவு முறியும் என்ற நம்பிக்கையில், மாணவர்கள் அதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்வார்கள். நம்பிக்கையை விடுங்கள். வாயே திறக்காத ஆசிரியரிடமிருந்து ஒரு ராகம் தலைமுறை தலைமுறையாகத் தப்பாமல் வந்துகொண்டிருக்கிறதே, காதுக்கு இருக்கும் பலத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வர்ணனையாளர் எங்கே?

எங்கள் தலைமுறைக்கு எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தரவில்லை. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் சொன்ன வர்ணனை சொல்லித்தந்தது. மைதானத்தையே பார்க்காத ஊர்களில் கிரிக்கெட் ரசிகர்களை உருவாக்கியது அந்தக் குரல்தான். சங்கீதத்துக்கு அப்படி ஒரு குரல் வாய்க்கவில்லை. இந்த ஆலாபனையில் இப்போது என்ன நடந்தது, ஏன் பக்கத்து இருக்கைக்காரர் தலையை ஆட்டினார் என்று புதிதாக வந்த பையனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அமெரிக்காவில் ஒருவர் இதைச் செய்து காட்டினார். நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவின் நடத்துநர் லியோனர்ட் பெர்ன்ஸ்டைன், 1958 ஜனவரி 18 அன்று கார்னகி ஹாலில் குழந்தைகளை உட்காரவைத்து, இசைக்கு அர்த்தம் என்ன என்று கேட்டார். 1972 வரை இப்படி 53 நிகழ்ச்சிகள், தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. முதல் நாள் ரோசினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசையில் ஒரு துண்டை வாசித்தார். பிள்ளைகளுக்கு அது டி.வி. கௌபாய்த் தொடரின் இசையாகத்தான் தெரியும். அதைக் கேலி செய்யாமல், அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கினார். 1964-இல் சொனாட்டாவின் அமைப்பை விளக்கப் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அவர் ஒரு பிள்ளையையும் வாத்தியக்காரனாக்க முயலவில்லை, கேட்கக் கற்றுக்கொடுத்தார்.

நம் கையிலும் அந்தச் சாவி இருக்கிறது. 1977-இல் வந்த ‘கவிக்குயில்’ படத்தில் இளையராஜாவின் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் ரீதிகௌளை பழக்கம்தான், பேர் மட்டும் தெரியாது. அந்தப் பேரைச் சொல்லி, அதே ராகத்தில் ஒரு கீர்த்தனையைப் போட்டுக் காட்டப் பத்து நிமிடம் போதும். ‘சினிமாப் பாட்டா?’ என்று மூக்கைச் சுளிப்பவர், வாசலில் நின்றுகொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார்.

வாசல் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேலரி காலியாக இருப்பதற்கு, யாருக்கெல்லாம் அங்கே இடம் உண்டு என்று நெடுங்காலம் பேசாமலே முடிவு செய்துவைத்திருந்ததும் காரணம். நாகஸ்வரம் வீதியில் வாசித்தபோது ஊரே கேட்டது. கச்சேரி சபாவுக்குள் போனபோது ஊரின் பெரும்பகுதி வெளியே நின்றுவிட்டது, சாதியும் வகுப்பும் அதில் பங்கு வகித்தன. 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பில், டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் தொடங்கிய விழாவில் கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே இடத்தில் ஒலித்தன. அந்த முயற்சியைப் பற்றி விவாதங்கள் உண்டு, இருக்கட்டும். மைதானத்தைப் பெரிதாக்காமல் கூட்டம் சேரவில்லை என்று அழுவதில் அர்த்தம் இல்லை.

மறுபடி அந்த மதியத்துக்கு

22 என்று எழுதினேன் அல்லவா, அதில் ஒரு பையனைச் சேர்க்கவில்லை. ஏழு வயது இருக்கும். பாட்டியின் தோளில் சாய்ந்து கைபேசியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ரசிகர் கணக்கில் அவனை எப்படிச் சேர்ப்பது?

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. கைபேசியில் சார்ஜ் தீர்ந்தது போலிருக்கிறது. “எப்ப பாட்டி முடியும்?” என்றான். எனக்கு முந்தைய வரிசை, தெளிவாகக் கேட்டது. அந்த அம்மாள் உஷ் என்று அடக்கவில்லை. “கையைக் கொடு. நீயே எண்ணிண்டு வா, முடியறச்சே உனக்கே தெரியும்” என்றார். அவன் உள்ளங்கையைத் தன் தொடையில் வைத்துப் போட்டுக் காட்டினார்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம். பையனுக்கு முதல் வீச்சிலேயே குழம்பியது. பாட்டி விட்டுப்பிடித்தார். நாலைந்து ஆவர்த்தனம் போனபின் இரண்டு கைகளும் சேர்ந்து விழ ஆரம்பித்தன. மிருதங்கக்காரர் மோராவைத் தொட்டு, கோர்வையை மூன்று முறை சுழற்றி முடித்தபோது, பையன் தட்டிய தட்டு அதோடு சேர்ந்து விழுந்தது. “முடிஞ்சிடுச்சு!” என்று கத்திவிட்டான். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். மேடையில் பாடகிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

அந்த அம்மாள் அவனுக்கு ராகம் சொல்லித்தரவில்லை, பண்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்தார், அவ்வளவுதான். என் தாளில் 22-ஐ அடித்து 23 என்று எழுதினேன். ஆட்ட நாயகி விருதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் கான்டீனில் போண்டாவுக்காக வரிசையில் நின்றேன். முன்னால் அதே பையன். கவுன்ட்டரின் தகரப் பலகையில் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது வீச்சு வரை வந்து, விட்டுவிட்டான். போண்டா வந்ததைக்கூடக் கவனிக்காமல் மறுபடி சுண்டுவிரலைத் தேடிக்கொண்டிருந்தான்.