புரோகிதர் போன பிறகு

அம்மாவின் திருமணப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. 1974ஆம் ஆண்டு எடுத்தது. மேடையில் ஓமகுண்டம் இல்லை, புரோகிதர் இல்லை. ஒலிபெருக்கியின் முன்னால் தோழர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மாவும் அப்பாவும் மாலையும் கழுத்துமாக நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தத் திருமணத்தை முன்னின்று நடத்தியவர் அம்மாவின் அப்பா. சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

தாத்தா இறந்தபின், 1992இல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மா ஒரு தாளில் கையெழுத்திட்டார். பிறந்த வீட்டுச் சொத்தில் தமக்கிருந்த பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும் தாள் அது. அதற்குப் பதிவு அலுவலகத்தில் வழங்கும் பெயர் 'விடுதலைப் பத்திரம்'.

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலை நான் மறுபடி படித்தது இந்தப் படத்தையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். பத்து கட்டுரைகள் கொண்ட சிறிய நூல். கல்லூரிகளில் நாம் அதிகம் பேசுவது முதல் கட்டுரையான கற்பையும், ஆண்மை அழிய வேண்டும் என்கிற கடைசிக் கட்டுரையையும்தான். அதிர்ச்சி தருகிறவை அவை. இடையில் இருக்கும் 'கல்யாண விடுதலை', 'சொத்துரிமை' ஆகிய இரண்டையும் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். ஆனால் நூலின் எலும்பு அங்கேதான் இருக்கிறது. விலக முடியாத உறவில், கையில் சொத்தில்லாமல் இருப்பவளிடம் கற்பைப் பற்றியோ காதலைப் பற்றியோ பேசி ஆவது ஒன்றுமில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடும் இப்படித்தான் யோசித்தது. தன் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, மணவிலக்கு, மறுமணம், ஆணுக்குச் சமமான சொத்துரிமை எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டது.

சட்டம் இவற்றில் எதை எடுத்துக்கொண்டது?

1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. மதச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை என்பது அதன் காரணம். ஒரே தீர்ப்பில் எத்தனையோ பெண்கள் மனைவி என்ற நிலையை இழக்கும் அபாயத்தில் நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளானது. அண்ணா ஆட்சியில் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அநீதியைத் துடைத்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினால் போதும். முன்பு நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின.

இதன் மதிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். சாதி மாறிக் காதலித்து, உயிருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த எத்தனையோ பெண்களுக்கு இந்தப் பிரிவுதான் கதவைத் திறந்தது. ஊரறிய அறிவித்து நடத்த வேண்டியதில்லை, வழக்கறிஞர் நண்பராக முன்னின்றும் நடத்தலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது அந்தக் கதவு இன்னும் அகலமாயிற்று.

என் விமர்சனம் வேறு. மதத்தை மறுத்து எழுந்த திருமணம் கடைசியில் இந்து திருமணத்தின் ஒரு வகையாகப் பதிவாகிவிட்டது. 7ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கே பொருந்தும். முஸ்லிம் தோழியை மணக்க விரும்பும் நாத்திகர் இதைப் பயன்படுத்த முடியாது. அவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போய், முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் தங்கள் பெயர் தொங்குவதைச் சகித்துக்கொள்ள வேண்டும். தத்துவம் மணவாழ்க்கையின் உள்ளடக்கத்தை மாற்றச் சொன்னது. சட்டம் வாசலில் நடக்கும் சடங்கை மட்டும் மாற்றியது. புரோகிதர் எழுந்து போனார். அவர் ஓதியதன் பொருள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

எங்கே என்று கேட்பவர்களுக்கு மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

ஒன்று, இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. தக்க காரணமின்றிப் பிரிந்தவரைச் சேர்ந்து வாழும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். 1983இல் டி. சரிதா வழக்கில் ஆந்திர உயர்நீதிமன்றம் இதைப் பெண்ணின் உடல்மீதான அத்துமீறலாகக் கண்டு செல்லாது என்றது. அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவுக்கு உயிர் கொடுத்தது.

இரண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. மாலை மாற்றி மணந்த பெண் ஒருத்தி சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்துபோகிறாள். பிள்ளையும் கணவனும் இல்லை என்று வையுங்கள். அந்தச் சொத்து முதலில் கணவனுடைய வாரிசுகளுக்குப் போகிறது. அவளைப் பெற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வருகிறார்கள். கன்னிகாதானம் செய்யாத வீட்டிலும் சட்டம் அவளைத் தானம் கொடுக்கப்பட்டவளாகவே எண்ணுகிறது.

மூன்றாவது அம்மாவின் கதை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வெற்றி என்று கொண்டாடினோம். ஆனால் அந்தத் தேதிக்குமுன் திருமணமானவர்களுக்கு அந்த உரிமை இல்லை. எந்தத் திருமணத்தை விடுதலையின் அடையாளமாகப் படம்பிடித்து மாட்டினோமோ, அதுவே அம்மாவுக்குத் தகுதிக் குறைவாயிற்று. தாத்தாவின் பங்கிலிருந்து அவருக்கு வரவேண்டிய சிறுபகுதிதான் மிச்சம். அதையும் விடுதலைப் பத்திரம் கொண்டுபோனது. 2005இல் மத்தியச் சட்டம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முடிந்துபோன பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. மாமாக்களின் பாகப்பிரிவினைப் பத்திரம் 1992லேயே பதிவாகிவிட்டது.

நூலின்மேலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 'சொத்துரிமை' கட்டுரை பிரித்துக்கொள்ளச் சொத்துள்ள குடும்பத்தை மனதில் வைத்தே பேசுகிறது. காணி நிலமும் இல்லாத வீட்டில் பிறந்து, வயலில் ஆணைவிடக் குறைந்த கூலிக்கு நாற்று நடும் பெண்ணுக்கு அண்ணன் தம்பியிடம் கேட்க என்ன இருக்கிறது? அவளுக்குக் கூலியும் மனைப்பட்டாவும்தான் சொத்துரிமை. நூலை நாம் இன்று வாசிக்கும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று. "தம்பிங்க மூஞ்சிய முறிச்சிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றார். மேடையில் வந்த தைரியம் பதிவு அலுவலகத்தில் வரவில்லை. மேடையில் கூட இருந்த தோழர்கள் அங்கே யாரும் இல்லை.

மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் உறுதி சொல்லட்டும் என்கிறது 7ஏ. அழகான விதி. அந்த உறுதிமொழிக்குப் பிறகு அவர்களைக் கட்டப்போகும் சட்டத்தை மட்டும் யாரும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்வதில்லை. சுயமரியாதைத் திருமண மேடைகளில் வாழ்த்துரைகள் ஒரு மணிநேரம் நீள்கின்றன. அதில் ஐந்து நிமிடம் ஒதுக்கி 9ஆம் பிரிவையும் 15ஆம் பிரிவையும் மணமகளுக்குப் படித்துக் காட்டலாம். பிறகு அவளுடைய அண்ணன் தம்பிகளை மேடையேற்றி, விடுதலைப் பத்திரம் கேட்கமாட்டோம் என்று அவர்களையும் அதே மொழியில் சொல்லவைக்கலாம். படம் எடுத்து மாட்டவேண்டிய காட்சி அது.