கேளாது வழங்கிய தீர்ப்பு: சிலப்பதிகாரத்தில் அரசதிகாரமும் தனிமனித உரிமையும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை அறத்தின் வெற்றியாகப் போற்றும் மரபு திறனாய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. தவறுணர்ந்த கணமே உயிர்நீத்த பாண்டியன் நெடுஞ்செழியன் செங்கோன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றான். எனினும், கோவலன் இறந்த பின்னரே அவ்வழக்குக் கேட்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கொலைக்களக் காதையில், தேவியின் ஊடல் தணிக்க விரையும் மன்னன் பொற்கொல்லன் சொல்லை மட்டுமே நம்பி ஆணையிடுகின்றான். கோவலன் அவைக்கு அழைக்கப்படவில்லை. அவன் தோற்றங்கண்ட காவலர், இவன் கள்வன் அல்லன் என ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ களவு நூல் கூறும் எட்டு வழிகளை அடுக்கியுரைத்து, அந்நல்ல தோற்றத்தையே கள்வரின் தந்திரமாக்கிக் காட்டுகின்றான். முடிவில், கல்லாத காவலன் ஒருவன் வாளோச்சுகின்றான். ஐயத்தைச் சொல்லக் காவலர்க்கு வாய் இருந்தது. ஆணையை நிறுத்தி வைக்கும் அதிகாரம் எவர்க்கும் இல்லை.

ஆகவே, மன்னனின் மனச்சான்று எத்துணை உயர்ந்ததாயினும் குடிமகனின் உரிமைக்கு அரணாகாது என்பதே இக்காப்பியம் உணர்த்தும் உண்மை எனலாம். விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்த மலேசியாவின் 1960ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 2012இல் நீக்கப்படும்வரை எழுப்பிய வினாவும் இதுவே. ஆள்வோர் நல்லவரா என்பதன்று. குற்றஞ்சாட்டப்பட்டவரின் சொல் தண்டனைக்கு முன் கேட்கப்பட்டதா என்பதே அவ்வினா. சிலம்பின் பரல் முத்தன்று, மாணிக்கமே என அவையில் உடைத்தறிய நெடும்பொழுது தேவைப்படவில்லை. அச்சிறுபொழுது கோவலனுக்கு மறுக்கப்பட்டமையாலேயே மதுரை எரிந்தது. வழக்குரை காதையைப் பயில்வோர் கொலைக்களக் காதையையும் அதனுடன் இணைத்தே மதிப்பிடல் வேண்டும்.