பச்சை டிக்கும் படிக்க முடியாத பக்கமும்

பிடிஎஃப் கோப்புகளைப் பார்வையற்றோரும் படிக்கும்படி செய்வது பற்றி யாரிடம் பேசினாலும், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "டேக் எல்லாம் போட்டாச்சு, செக்கர்ல பாஸ் ஆயிடுச்சு." அந்தப் 'பாஸ்' எவ்வளவு பெறும்? தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை ரொம்பக் குறைவு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அடோபி 1993-இல் பிடிஎஃப்பைக் கொண்டுவந்தது, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக. அதனால் கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் வரையும் கட்டளைகள்தான்: இந்த எழுத்துருவிலிருந்து இந்த வடிவத்தை எடு, இந்த இடத்தில் வை. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணையின் தலைவரிசை என்ற சேதி அதில் கிடையாது. கண்ணால் பார்ப்பவருக்கு எழுத்தின் அளவே சொல்லிவிடும். ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கு யார் சொல்வது? அதைச் சொல்லத்தான் டேக். 2001-இல் பிடிஎஃப் 1.4 பதிப்போடு அது வந்தது. 2012-இல் பிடிஎஃப்/யுஏ என்ற ஐஎஸ்ஓ தரமும் வந்துவிட்டது.

அந்தத் தரத்தைச் சோதிக்க மேட்டர்ஹார்ன் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. கோப்பு எங்கெங்கே தவறலாம் என்று அது 136 நிலைமைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் 89-ஐ மென்பொருளே கண்டுபிடிக்கும். மீதி 47-க்குப் பெரும்பாலும் மனிதர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இதை நெறிமுறையே ஒளிக்காமல் சொல்கிறது. நம் ஆட்கள் 89-ஐ மட்டும் ஓட்டிவிட்டு, 136-க்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். குறை கருவியிடம் இல்லை.

படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். விளக்கம் "படம் 1" என்று மட்டும் இருந்தாலும் அதற்குத் திருப்திதான். ஆனால் அந்தப் படம் தேர்வு மையத்துக்கு வழிகாட்டும் வரைபடமாக இருந்தால், கேட்பவர் கையில் ஒன்றுமே இல்லை. அதேபோல, வேர்டில் தலைப்புக்கான ஸ்டைலைத் தேர்ந்தெடுக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி வைத்தால், அது சாதாரணப் பத்தியாகவே பிடிஎஃப்புக்குப் போய்ச் சேரும். நாற்பது பக்க அறிவிப்பில் ஒரு தலைப்புகூட இல்லாமல், கடைசித் தேதியைத் தேடி முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.

இதெல்லாம் எல்லா மொழிக்கும் உள்ள தொல்லை. தமிழுக்கென்று தனியாக இரண்டு இருக்கின்றன.

முதலாவது, பழைய எழுத்துருக்கள். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மாதான் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். ஸ்கிரீன் ரீடருக்குப் போவதும் அவைதான். கருவியைப் பொறுத்தவரை ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் எண் ஒழுங்காக இருக்கிறது; கோப்பின் மொழி தமிழ் என்றும் எழுதியிருக்கிறது; பச்சை டிக் விழுந்துவிடும். பக்கம் முழுவதும் பிதற்றல்.

இரண்டாவது, யூனிகோடில் தட்டிய கோப்பிலும் வருவது. 'கொடி' என்ற சொல்லை யூனிகோட் சேமிக்கும்போது முதலில் ககரம், அதற்குப் பின்தான் ஒகரக் குறி. பக்கத்தில் வரையும்போதோ ஒற்றைக் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். பிடிஎஃப் இந்த வரையும் வரிசையையே வைத்துக்கொண்டால், கண்ணெதிரே இருக்கும் 'கொடி' தேடலில் அகப்படாது. காதிலும் சரியாக விழாது. இதற்கு மருந்து இல்லாமலில்லை. அந்த வடிவங்களுக்கான உண்மையான சொல் எது என்று 'ஆக்சுவல்டெக்ஸ்ட்' என்ற பண்பில் எழுதி வைக்கலாம். ஆனால் எண் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, எண்களின் வரிசை தமிழாக இருக்கிறதா என்று கேட்பதில்லை.

என் விமர்சனம் இதுதான்: நாம் மேலிருந்து வேலையைத் தொடங்குகிறோம். அடியில் எழுத்தே தமிழாக இல்லாத கோப்பின் மேல் தலைப்பு, பத்தி, பட்டியல் என்று அழகாக டேக் அடுக்குகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் உள்ளவை அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. செக்கர் அறிக்கையை இணைத்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்ததாகாது.

"எல்லாக் கோப்பையும் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்க முடியுமா?" என்று கேட்கலாம். எல்லாவற்றையும் வேண்டாம். வெளியிடுவதற்கு முன் ஒரு பக்கத்தை முழுசாகத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் மட்டும் டேக் வேலைக்குப் போங்கள். அது முடிந்ததும் என்விடிஏவைத் திறந்து அதே பக்கத்தைக் கண்ணை மூடிக் கேளுங்கள். மென்பொருள் இலவசம், ஐந்து நிமிட வேலை. கடைசித் தேதி எது என்று உங்களுக்கே பிடிபடவில்லை என்றால், அந்தக் கோப்பு இன்னும் தயாராகவில்லை.