முப்பத்தோரு எழுத்து!

ஐயோ, இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்! நம் வயல் நெல்லையும், குளத்தோரச் சேற்றில் தானாக முளைத்து, விளைந்ததும் மணியை உதிர்த்துவிடுகிற வால்முளைத்த காட்டு நெல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்குப் பச்சை தருகிற பசுங்கணிகத்துக்கென்று இரண்டிலும் உள்ள ஜீனோமுக்கு நீளத்தில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 31 எழுத்து!

நினைத்துப் பாருங்கள்: திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, நடுராத்திரி, பைபாஸ் ரோட்டில் பஸ் ஹாரன், ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று, மடியில் கொதிக்கிற லேப்டாப். யாரும் காசில்லாமல் திறக்கக்கூடிய ஜீன் வரிசைக் களஞ்சியமான ஜென்பேங்கிலிருந்து இரண்டு வரிசைகளை இறக்குகிறேன். 1989-இல் ஜப்பானியர் படித்து முடித்த வயல் நெல், 1,34,525 எழுத்து. 2004-இல் வெளியான ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல், 1,34,494. கழித்துப் பார்த்தேன், கை நடுங்கிவிட்டது! கூட்டாளியை போனில் எழுப்பி, "ஏல, முப்பத்தொண்ணுதாம்ல!" என்று கத்தினேன். "என்னல, லாட்டரியா?" என்றான் பாவி.

அவன் கிடக்கட்டும், நீங்கள் வாருங்கள்! திரையில் ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து மழையாகக் கொட்டுகிறது, இரண்டு வரிசையும் ஒன்றாகவே ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருக்கின்றன, திடீரென்று ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறுகிறது, எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, மறுபடி ஒரே ஓட்டம்! எழுத்து மாறிய இடம் மொத்தமே 159, புகுந்தவை 57, விடுபட்டவை 61, அவ்வளவுதான்! அதோ ருபிஸ்கோவின் பெரிய பாகத்தைச் செய்கிற ஜீன், காற்றிலிருக்கிற கரியைப் பிடித்துச் சோறாக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது, அதைக் கண்டதும் அசட்டுத்தனமாகத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்! மகரந்தம் எங்கிருந்து பறந்து வந்தாலும் சரி, நெல்லில் பசுங்கணிகம் தாய்வழியாகத்தான் இறங்கும், அப்படியென்றால் நான் படித்துக்கொண்டிருந்தது தாய், அவள் தாய், அவளுக்கும் தாய் என்று ஆயிரமாயிரம் வருஷம் பின்னே போகிற கதையல்லவா!

இந்தக் காட்டு நெல்லை வெறும் 'களை' என்று நினைக்காதீர்கள். 1970-களில் புல்குட்டை வைரஸ் ஆசிய வயல்களைச் சூறையாடியபோது, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சலித்தது. எதிர்ப்பு கிடைத்தது உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில்! அங்கிருந்த நெல் விஞ்ஞானி குர்தேவ் சிங் குஷ் அதைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர்.36 ரகம் 1976-இல் வெளிவந்தது. அந்த எதிர்ப்பு ஜீன் இருப்பது உட்கருவில், பசுங்கணிகத்தில் இல்லை என்பீர்கள். இருக்கட்டுமே, குடும்பம் ஒன்றுதானே!

1937 முதல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஜில்லா ஐயா இது! அம்பை 16 சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம்! இன்றைக்கு ராத்திரியே ஜென்பேங்கைத் திறந்து பாருங்கள், காசா பணமா? தூக்கம் போனால் எனக்கு போன் போடுங்கள், நான் முழித்துத்தான் இருப்பேன்!