சிந்து நதிக்கரையில் பிறந்தவன்

தாந்தேயின் ‘தெய்வீக இன்பியல்’ பற்றி உரையாடும்போதெல்லாம் நரகத்தைப் பற்றியே பேசி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நூறு படலங்களுள் நரகத்திற்கு உரியவை 34 மட்டுமே. உத்தரிக்கும் தலத்திற்கும் விண்ணகத்திற்கும் தனித்தனியே 33 படலங்கள் உள்ளன. தீயையும் பனியையும் கண்டு களைத்தவர்கள் நூலை அங்கேயே மூடிவிடுகின்றனர். அதனால், நம் மண்ணைச் சுட்டி அக்கவிஞர் எழுப்பிய வினா நம் செவிக்கு எட்டாமலே போய்விடுகிறது.

விண்ணகப் பகுதியின் 19ஆம் படலத்தில் அவ்வினா வருகிறது. வியாழன் கோளில், நீதியை விரும்பிய ஆட்சியாளரின் ஆன்மாக்கள் ஒளித்துளிகளாய் ஒன்றுகூடிக் கழுகின் உருக்கொள்கின்றன. பலர் சேர்ந்த அவ்வுரு ‘நாங்கள்’ என்னாமல் ‘நான்’ என்றே பேசுகிறது. தாந்தே நெடுநாள் உள்ளத்தில் சுமந்த ஐயத்தை அவர் கேளாமலே அது எடுத்துரைக்கிறது. சிந்து நதிக்கரையில் பிறந்த ஒருவனுக்குக் கிறிஸ்துவை அறிவிப்பார் எவருமில்லை. ஆயினும் அவன் குற்றமின்றி வாழ்ந்து, திருமுழுக்கின்றி இறக்கிறான். அவனைத் தள்ளிவிடுவது எவ்வகை நீதி?

இதை வெறும் இறையியல் புதிராகக் கொள்பவர்கள் கவிஞரின் வாழ்வை மறந்துவிடுகின்றனர். 1302 சனவரியில் பிளாரன்சு நகரம், தாந்தே முன்னிலையில் இல்லாதபோதே அவருக்குத் தண்டமும் நாடுகடத்தலும் விதித்தது. மார்ச்சில், அகப்பட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று தீர்ப்பைக் கடுமையாக்கியது. 1321இல் இராவென்னாவில் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. தன்னை அறியாத மன்றம் தன்னைத் தண்டிப்பது எத்தகையது என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், உரோமை ஆயருக்குப் பணிவது மீட்புக்கு இன்றியமையாதது என்று அறிவித்ததும் அதே 1302ஆம் ஆண்டின் நவம்பரில்தான். அத்திருத்தந்தைக்குத் தாந்தே நரகத்தில் இடம் ஒதுக்கிவைத்தது (திருப்பட்டங்களை விற்ற குற்றத்திற்காக) யாவரும் அறிந்ததே.

காவியத்தின் தொடக்கத்திலேயே கவிஞரின் மனம் இரண்டுபட்டு நிற்கிறது. நரகத்தின் முதல் வட்டமாகிய லிம்போவில் வேதனையில்லை. பெருமூச்சு மட்டுமே உண்டு. 1187இல் எருசலேமைக் கைப்பற்றிய சலாதீன் அங்கே தனித்து நிற்கிறார். மருத்துவ மேதை இப்னு சீனாவும், அரிஸ்டாட்டிலுக்கு உரை வகுத்த கொர்தோவாவின் இப்னு ருஷ்தும் அறிஞர் குழுவில் அமர்ந்துள்ளனர். சிலுவைப் போர்களின் நினைவு ஆறாத காலத்தில் இது சிறிய துணிவன்று. எனினும் அதே கவிஞர், நபிகள் நாயகத்தைப் பிளவு விதைத்தோர் நடுவே வைத்து இழிவாகச் சித்திரித்தார். காலத்தின் கறை என்று சொல்லி நாம் அதைக் கடந்துவிட இயலாது. அந்த 28ஆம் படலம் நம் சமய அயலாரை இன்றும் புண்படுத்துகிறது.

கழுகின் விடைக்கு வருவோம். ஆயிரம் கல் தொலைவில் நிகழ்வதைச் சாண் தொலைவு காணும் கண்ணால் அளக்க நீ யார் என்று அது கடிந்துகொள்கிறது. யோபு கேட்ட விடை போன்றதுதான் இது. வாயை அடைக்குமேயன்றி மனத்தை நிறைக்காது. ஆனால் கடிந்துகொண்ட அக்கழுகே, கிறிஸ்துவின் பெயரை உரக்கக் கூவும் பலர் இறுதி நாளில் அவரை அறியாதவனைவிடத் தொலைவில் நிற்பர் என்றும் எச்சரித்து, கிறிஸ்தவ அரசர்களின் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. வினா சிந்துக்கரை மனிதனைப் பற்றியது. சாட்டையடியோ நம் முதுகில் விழுகிறது!

அடுத்த படலத்தில் கழுகின் புருவத்தில் இரு புறவினத்தார் ஒளிர்கின்றனர். ஒருவர் உரோமைப் பேரரசர் திராயான். மற்றவர் திராய் நகரத்து ரிபேயுஸ். வெர்ஜிலின் காவியத்தில் சில அடிகளே இடம்பெறும் சிறு பாத்திரம் இவர். திருமுழுக்கு தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்பிக்கையும் எதிர்நோக்கும் அன்பும் இவருக்குத் திருமுழுக்காய் அமைந்தன என்கிறார் தாந்தே. ஆனால் ரிபேயுசைப் படைத்த வெர்ஜில், தாந்தேக்கு வழிகாட்டிய தந்தை போன்ற வெர்ஜில், லிம்போவிற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பாத்திரத்திற்கு விண்ணகம், ஆசிரியருக்கு இருள்! இக்காவியத்தில் நம்மால் தாங்க இயலாத இடம் இதுவே. தாந்தேயாலும் தாங்க இயன்றதா என்பது ஐயமே.

இனி அந்தக் கரையைப் பற்றி ஒரு சொல். ‘தோமாவின் பணிகள்’ என்னும் பண்டைய நூல், தோமையார் கொண்டோபரஸ் மன்னரிடம் சென்றதாகக் கூறுகிறது. அப்பெயருடைய மன்னர் சிந்துச் சமவெளியை ஆண்டதை 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த நாணயங்கள் மெய்ப்பித்தன. மரபு உண்மையாயின், சொல்வாரே இல்லாத கரையன்று அது. தாந்தே வாழ்ந்த காலத்திலேயே பிரான்சிஸ்கன் துறவி மொந்தேகொர்வினோ யோவான், சீனம் செல்லும் வழியில் இந்தியாவில் புனித தோமையார் ஆலயத்தருகே 13 மாதங்கள் தங்கியதையும், ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்ததையும் 1305இல் மடலாய் எழுதினார். உடன் வந்த தோமினிக்கன் துறவி நிக்கோலாஸ் அவ்வாலயத்திலேயே அடக்கமானார். அவரது ஊர் பிஸ்தோயா, பிளாரன்சிலிருந்து ஒருநாள் நடையில் அடையக்கூடிய ஊர். தாந்தேயின் வினாவில் இச்செய்தியின் சாயல்கூட இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், தம் குற்றமின்றியே நற்செய்தியை அறியாது, கடவுளை நேர்மையாய்த் தேடி மனச்சான்றின்படி நடப்போர் மீட்படைய இயலும் என்று உரைத்தது. சிந்துக்கரை மனிதன் ஐரோப்பியருக்கு ஓர் எடுத்துக்காட்டு; நம்மில் பலருக்கோ அவன் முப்பாட்டன். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும்போது, கல்லறையே இல்லாத அம்மூத்தோரை நினைத்து நம்முள் எத்தனை பேர் தயங்கியிருப்போம்! அத்தயக்கத்தோடு 20ஆம் படலத்தின் இறுதியைப் படிக்க வேண்டும். கடவுளை நேரில் காணும் தாங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அனைவரையும் இன்னும் அறியவில்லை என்றும், அவ்வறியாமை தங்களுக்கு இனிக்கிறது என்றும் கழுகு கூறுகிறது. சிந்துக்கரை மனிதனைப் பற்றி அது மீண்டும் வாய் திறக்கவேயில்லை.