மசாஜ் மேசையில் படுத்தால் வேகம் கூடுமா?

கலிபோர்னியாவில் ஜூன் மாதம் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தின் தூரம் 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர். சியரா நெவாடா மலைகளில் ஏறி இறங்கி, 30 மணி நேரத்துக்குள் ஆபர்ன் நகரம் வந்து சேர வேண்டும். சேர்ந்தவர்களில் பலருக்குப் படி இறங்கவும் கைத்தாங்கல் தேவைப்படும். மசாஜைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. 2015 பந்தயத்தில் ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். பங்கேற்ற 72 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 20 நிமிடம் மசாஜ் கொடுத்தார்கள். அடுத்த பிரிவுக்கு அதே 20 நிமிடம் காற்றழுத்த உறையைக் காலில் மாட்டிவிட்டார்கள். மூன்றாவது பிரிவு சும்மா படுத்துக் கிடந்தது.

மேசையை விட்டு எழுந்த நேரத்தில், சும்மா கிடந்தவர்களைவிட மசாஜ் வாங்கியவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. அதன்பின் ஒரு வாரம் தினமும் கேட்டுப் பார்த்ததில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் 400 மீட்டர் ஓடச் சொல்லி நேரம் எடுத்தார்கள். அதிலும் மசாஜ் பிரிவு முந்தவில்லை.

விளையாட்டு மசாஜ் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தால் பெரும்பாலும் இதே கதைதான். 2020-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகக் குழு 29 ஆய்வுகளை, 1,012 பேரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. பலம், தாவும் உயரம், குறுந்தூர வேகம், தாக்குப்பிடிக்கும் திறன் எதிலும் மசாஜால் முன்னேற்றம் தெரியவில்லை. உடல் வளையும் தன்மையிலும், பயிற்சிக்கு அடுத்தடுத்த நாள்களில் வரும் தசைவலியிலும் சிறு பலன் இருந்தது. 2000-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் எட்டு அமெச்சூர் குத்துச்சண்டை வீரர்களுக்கு இரண்டு சுற்றுப் பயிற்சிக்கு நடுவே மசாஜ் செய்து பார்த்தார்கள். 'இப்போது தெளிவாக இருக்கிறேன்' என்று அவர்கள் உணர்ந்தது உண்மை. குத்தின் பலம் கூடவில்லை.

ஆனால் நம் மைதானங்களில் கேட்கும் விளக்கமே வேறு. "கால்ல ஆசிட் சேந்திருக்கு, நல்லா அமுக்கி விட்டா எறங்கிடும்" என்று சொல்லாத பயிற்சியாளர் அபூர்வம். அவர்கள் ஆசிட் என்று சொல்வது லாக்டேட்டை. கடும் ஓட்டத்தில் ரத்தத்தில் ஏறும் அது, யாரும் தொடாமலே ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். மெதுவாக நடந்தால் இன்னும் சீக்கிரம் வரும். மறுநாள் காலையில் தொடை கடுப்பதற்குக் காரணம், குறிப்பாக இறக்கத்தில் ஓடும்போது, தசை இழைகளில் விழும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியும்தான். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகம் 2010-இல், மசாஜ் லாக்டேட்டை இறக்குமா என்பதை நேரடியாகவே சோதித்தது. கைப்பிடியை இறுக்கிக் களைத்த முன்கையில் மசாஜ் செய்தபோது, அந்த அழுத்தம் ரத்த ஓட்டத்தைத் தடுத்து, லாக்டேட் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியது. 'ஆசிட் இறக்கும்' வேலைக்கு மசாஜ் உதவாது, கொஞ்சம் இடைஞ்சல்கூட.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. கனடாவிலேயே மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2012-இல் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிட மசாஜ் கொடுத்து, இரண்டு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தது. மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் தணிந்திருந்தன. செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா உருவாவதற்கான சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டேட்டில் மாற்றமில்லை. இதைச் சுட்டிக்காட்டி மசாஜ் நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. செய்யட்டும். ஆனால் பதினோரு பேரின் தசையில் கிடைத்த சமிக்ஞை அது. அதனால் அவர்கள் வேகமாக ஓடினார்கள் என்று அந்த ஆய்வே சொல்லவில்லை.

அப்படியானால் உலகின் பெரிய அணிகள் ஏன் மசாஜுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குகின்றன? 1987 முதல் 1998 வரை பெரிய தடகளப் போட்டிகளில் பிசியோக்கள் செய்த வேலையைக் கணக்கெடுத்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, சிகிச்சைகளில் ஏறத்தாழ 45 சதவீதம் மசாஜ்தான் என்று கண்டது. வீரர்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள் என்பது பாதிப் பதில். மீதிப் பதிலை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் தேட வேண்டும்.

21 கட்டங்கள், நடுவே இரண்டே ஓய்வு நாள்கள். ஒவ்வொரு மாலையும் விடுதிக்கு வந்ததும் வீரர் படுப்பது அணியின் உதவியாளர் முன்னால். அவரை அங்கே 'சுவானியர்' என்பார்கள். கால் பிடித்துவிடுவது, சாப்பாட்டுப் பை கட்டுவது, புலம்பலைக் கேட்பது எல்லாம் அவர் வேலை. இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி 1949, 1952 பந்தயங்களை வென்றபோது அவருக்குப் பின்னால் இருந்தவர் பியாஜியோ கவன்னா. கண்பார்வை இழந்தவர். தசையைத் தொட்டே வீரரின் நிலையைக் கணிப்பவர் என்று பெயரெடுத்தவர். இந்த நெருக்கத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1998 பந்தயம் தொடங்கும் முன் பிரான்ஸ் எல்லையில் கார் நிறைய ஊக்கமருந்துடன் பிடிபட்ட வில்லி வோட், ஃபெஸ்டினா அணியின் சுவானியர்தான்.

நாளைக்கும் 180 கிலோமீட்டர் மிதிக்க வேண்டியவருக்கு வலி கொஞ்சம் குறைந்தால் தூக்கம் வரும். ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கக் காரணம் கிடைக்கும். எந்த இடம் இறுகியிருக்கிறது என்று தினமும் ஒரே கை கவனிக்கும். ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே ஒரு முறை மசாஜ் செய்து அளப்பவை. இந்த மூன்று வாரத் தொடர்ச்சியை அவை தொடுவதில்லை. தவிர, மருந்துச் சோதனைபோல இங்கே போலி மாத்திரை கொடுக்க முடியாது. தனக்கு மசாஜ் நடந்ததா இல்லையா என்பது படுத்திருப்பவருக்குத் தெரியும். 'நன்றாக இருக்கிறது' என்ற உணர்வில் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். என்னைக் கேட்டால், அடுத்தடுத்த நாள் போட்டி இருக்கும் ஆட்டங்களில் அந்த உணர்வுக்காகவே மசாஜ் வைத்துக்கொள்ளலாம். அதை வேகத்துக்கான முதலீடாக எண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

கவலை தருவது வேறொன்று. நம் ஊர்க் கபடி ஆட்டத்தில் தொடையில் முட்டி இடித்து வீங்கினால், உடனே எண்ணெய் ஊற்றி அழுத்தி உருவிவிடும் பழக்கம் இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் தசையை அழுத்தினால் கசிவு கூடும். சில நேரம் அந்த இடத்தில் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, மாதக்கணக்கில் ஆட முடியாமல் போகும். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் மசாஜே கூடாது. லேசான கட்டு, உயர்த்தி வைத்த கால், ஓய்வு போதும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்த உறைவாகவும் இருக்கலாம். பிடித்துவிட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

இப்போது மாரத்தான் ஓடுபவர்களின் பையிலெல்லாம் மசாஜ் கன் இருக்கிறது. சுகமாக இருந்தால் தசைமீது ஓரிரு நிமிடம் ஓட்டிக்கொள்ளலாம். எலும்பு, கழுத்து, அடிபட்ட இடம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மாவட்ட அணி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கருவி வாங்கும் முன், படித்த ஒரு பிசியோவைப் போட்டி நாள்களிலாவது அமர்த்துங்கள், பிள்ளைகள் எட்டு மணி நேரம் தூங்குவதற்கு நல்ல அறையும் பாயும் கொடுங்கள்.