ஆசிரியர் வெளியீடும் பெருந்தொற்றுக் காலத் தமிழ்ப் புதினமும்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நூல் வெளியீட்டின் கண்ணிகள் யாவும் ஒருசேர அறுந்தன. அச்சகமும் பைண்டிங் கூடமும் அடைபட்டன, அஞ்சலும் கூரியரும் பெரிதும் தடைபட்டன, நூலகங்கள் பூட்டப்பட்டன. தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் தம் புதிய புதினங்களைச் சென்னைப் புத்தகக் காட்சியை மனத்திற்கொண்டே திட்டமிடுவன. பொங்கலையொட்டி நடைபெறும் அக்காட்சி 2021இல் பிப்ரவரி 24க்குத் தள்ளிப்போயிற்று. 2022இல் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டுப் பிப்ரவரி 16 அன்றே தொடங்கியது. பெயர்பெற்ற படைப்பாளர்களின் நூல்களே தேங்கிய அக்காலத்தில், பதிப்பகத் தொடர்பு ஏதுமற்ற புதிய எழுத்தாளர் ஒருவரின் முதற்புதினம் அச்சேறுவது அரிதினும் அரிதாயிற்று.

ஆயினும் புதினங்கள் வெளிவந்தன. கிண்டில் மின்னூல்களாகவும், பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்களாகவும், எழுத்தாளரின் சொந்த இணையதளங்களிலும் அவை மிகுதியாக வந்தன. பதிப்பாளர் எனும் வாயிற்காவலர் நீங்கியதால் எழுத்தாளர் விடுதலை பெற்றார் என்னும் கருத்தும் உடன் எழுந்தது. அவ்விடுதலை எதிலிருந்து, எந்த அளவுக்கு என்பது ஆராயத்தக்கது.

ஆசிரியரே தம் நூலை வெளியிடுதல் தமிழுக்குப் புதிதன்று. 'ஆசிரியர் வெளியீடு' என்னும் குறிப்பைத் தாங்கிய நூல்கள் இருபதாம் நூற்றாண்டு நெடுகிலும் உள்ளன. புதினத் துறையில் இதற்குத் தலைசிறந்த சான்று வை.மு. கோதைநாயகி அம்மாள். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, தம் 'வைதேகி' புதினத்தை அதில் தொடராக்கித் தொடங்கிய அவர், நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதினார். எழுத்தாளர், இதழாசிரியர், வெளியீட்டாளர் என்னும் மூன்று பொறுப்புகளும் ஒருவரிடமே அமைந்தன. என்ன எழுதுவது, எத்துணை இதழ்களுக்கு நீட்டுவது என்பனவற்றை அவரே முடிவு செய்தார். தாளின் விலையும் சந்தாதாரரின் எண்ணிக்கையுமே அவர்க்கு எல்லைகளாயின. பின்னாளில் மணிக்கொடி வழிவந்த திறனாய்வு அவரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

பெருந்தொற்றுக் காலத்துப் பெண் எழுத்தாளர் பலர் கோதைநாயகி அம்மாளின் நேர்வழியினர் எனலாம். மாத நாவல்களின் வழியாகப் பரவிய ரமணிசந்திரன் வகைக் குடும்பப் புதினத்தை இணையத்தில் தொடர்ந்தவர்கள் இவர்கள். இவர்தம் வெளியீட்டு முறை பெருந்தொற்றுக்கு முன்பே உருவாகிவிட்டது. கதை முதலில் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும். வாசகியர் ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் கருத்துரைப்பர். கதை முடிந்ததும் தளத்திலிருந்து நீக்கப்பட்டுக் கிண்டிலில் ஏற்றப்படும். வாய்ப்பிருப்பின் பின்னர் அச்சாகும். கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடந்தந்தது முதல் இம்முறை வேரூன்றியது. ஊரடங்கு இதனை உருவாக்கவில்லை. அச்சு என்னும் இறுதிப்படியை முறித்து, முந்தைய இரு படிகளையே முழு வழியாக்கியது. வீட்டிலுள்ளோர் அனைவரும் நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்த மாதங்களில், சமையலறைப் பணி பன்மடங்காகிய நிலையில், இரவில் கைப்பேசியில் தட்டச்சு செய்து இத்தகைய தொடர்களை எழுதியோரின் உழைப்பு இலக்கிய வரலாற்றில் எங்கும் பதிவாகவில்லை.

கதை ஏன் தளத்திலிருந்து நீக்கப்படுகிறது என்பதில்தான் 'விடுதலை'யின் உண்மை உருவம் வெளிப்படுகிறது. கிண்டில் வெளியீட்டில் எழுபது விழுக்காட்டு உரிமத்தொகையை இந்திய விற்பனைக்குப் பெற விரும்பும் ஆசிரியர், தம் மின்னூலைத் தொண்ணூறு நாள்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் தருவதில்லை என உடன்பட வேண்டும் என்பது அக்காலத்து விதி. உடன்பட்ட நூல் சந்தா நூலகத்திலும் இடம்பெறும். அங்கு வருவாய் விற்ற படிகளைப் பொறுத்ததன்று. படிக்கப்பட்ட பக்கங்களைப் பொறுத்தது. 2015 ஜூலைக்கு முன்பு, ஒரு நூலில் பத்து விழுக்காடு படிக்கப்பட்டாலே அதற்குரிய தொகை கிடைத்தது. ஆதலின் குறுநூல்கள் ஆதாயமாயின. அம்மாதம் முதல் பக்கத்துக்குத் தொகை என்னும் முறை வந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கம் கூட்டுவோரைத் தடுக்கப் 'பக்கம்' என்பதற்கு நிறுவனமே ஒரு பொதுவளவு வகுத்தது. ஒரு வாசகர் ஒரு நூலுக்கு ஈட்டித்தரும் பக்கங்களுக்கு மூவாயிரம் என மேலெல்லையும் இட்டது.

புதினத்தின் வடிவம் இவ்வளவுகோலுக்கு இசையாமல் இராது. வார இதழ்த் தொடர்கதையிலும் அத்தியாய முடிவில் ஆவலைத் தூண்டும் முடிச்சு உண்டு. அது தமிழ் வாசகர் நன்கறிந்த உத்தி. ஆனால் இதழாசிரியர் ஒதுக்கிய இடம் குறுகியது. எத்துணைப் பெரிய எழுத்தாளரும் அந்த நான்கு பக்கத்துள் அடங்க வேண்டும். நீட்டலுக்குத் தூண்டிய இதழ்த்தொடர், உடன்நிகழ்வாகச் சுருக்கத்தையும் கற்பித்தது. சந்தா நூலகமோ நீட்டலுக்கு மட்டுமே ஊதியம் தருகிறது. முன் அத்தியாயத்தை நினைவூட்டும் தொடக்கப் பத்திகள், தொடராக வந்தபோது தேவையானவை, மின்னூலாகத் தொகுக்கப்பட்ட பின்னும் நீங்காமல் நிற்பதையும், ஒரே நிகழ்ச்சி தலைவன் நோக்கிலும் தலைவி நோக்கிலும் இருமுறை கூறப்படுவதையும் இத்தகைய ஆக்கங்களில் காணலாம். இவை ஆசிரியரின் திறமைக் குறைவினால் மட்டும் நேர்வன என்பது பொருந்தாது. வெட்டுவதற்கு ஒரு கை இல்லை. வெட்டினால் வருவாய் குறையும். தாளின் எல்லையிலிருந்து விடுபட்ட ஆசிரியர், பக்கக் கணக்கின் எல்லைக்குள் வந்து சேர்ந்தார்.

இதற்கு மாறான ஒரு சான்றும் உண்டு. ஜெயமோகன் 2020இன் ஊரடங்கில் நூறு என்னும் எண்ணைத் தொட்ட சிறுகதைகளைத் தம் இணையதளத்தில் கட்டணமின்றி வெளியிட்டார். இரண்டாம் அலை வீசிய 2021இல் 'குமரித்துறைவி' என்னும் குறும்புதினமும் அவ்வாறே முதலில் இணையதளத்தில் வெளிவந்து, பின்னர் அவ்வாண்டு தோன்றிய விஷ்ணுபுரம் பதிப்பகத்தின் வழி அச்சாயிற்று. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது ஆரல்வாய்மொழியில் வைத்துக் காக்கப்பட்ட மதுரை மீனாட்சியை, வேணாடு தன் மகளாகக் கருதி மணமகளாக மதுரைக்கு அனுப்பிவைப்பதே கதை. மோதலும் முறிவும் இன்றியமையாதன என நம்பப்படும் புதின வடிவத்தில், ஒரு திருமண ஏற்பாட்டின் விரிவை மட்டுமே கொண்டு இப்படைப்பு நடக்கிறது. திருமணங்கள் ஒடுங்கி, இறுதிச் சடங்குகளுக்கும் உறவினர் கூட இயலாதிருந்த மாதங்களில் இது வாசிக்கப்பட்டது என்பது அதன் பொருளின் ஒரு பகுதியே ஆகும். வார இதழுக்கு இது மிக நீண்டது. புத்தகக் காட்சியின் பெரும்புதினத்துக்கு மிகச் சிறியது. தனக்குரிய அளவில் அது நின்றதற்கு ஆசிரியரின் தன்னுரிமையே காரணம். வெளியீட்டு விடுதலை வடிவத்துக்கு நன்மை செய்த இடம் இதுவெனத் தயக்கமின்றிக் கூறலாம்.

எனினும் அவ்வுரிமை பெருந்தொற்று தந்ததன்று. 1997இல் வெளிவந்த 'விஷ்ணுபுரம்' முதற்கொண்டு, பதிப்பகங்களின் துணையோடும் இதழ்களின் வழியாகவும் பல்லாண்டுகளில் சேர்ந்த வாசகர் வட்டமே அதற்கு முதல். பிற நாடுகளிலும் நிலை வேறன்று. அமெரிக்கப் புனைவெழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் பெருந்தொற்றின்போது எழுதிய நான்கு புதினங்களுக்காக 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் வழி முன்பதிவு திரட்டியபோது, 1,85,000க்கும் மேற்பட்டோரிடமிருந்து நான்கு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அவர்தம் வாசகரைத் திரட்டிக் கொடுத்தவை முன்னரே அவர் நூல்களை வெளியிட்ட பெரும்பதிப்பகங்கள். ஏற்கெனவே அறியப்பட்டவரின் தன்னுரிமையைச் சான்றுகாட்டி, அறியப்படாதவரும் விடுதலை பெற்றார் என்பது தருக்கப் பிழை.

அறியப்படாதவரைத் திறனாய்வு எவ்வாறு எதிர்கொண்டது? பெரும்பாலும் எதிர்கொள்ளவே இல்லை. மதிப்புரைக்கு அச்சுப்படி வேண்டும் என்னும் வழக்கம் இதழ்களில் நீடித்தது. கல்வித்துறை வாசகர் இத்தகைய நூலைத் திறந்தால், முதற்பக்கத்து ஒற்றுப்பிழையோடு வாசிப்பை நிறுத்திவிடுவது எளிது. ஒற்றுப்பிழை பிழையே, ஆனால் அது மெய்ப்புப் பார்ப்பவர் இல்லாமையின் சான்றேயன்றிக் கற்பனை இல்லாமையின் சான்றன்று. அச்சுப் புதினங்களின் செம்மை ஆசிரியர்களின் புலமையால் மட்டும் வந்ததோ என்பதைப் பதிப்பக மெய்ப்புத் திருத்துநர்களே அறிவர்.

இப்புறக்கணிப்பினும் கடுமையான இடர் ஒன்றுண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் சேர வேண்டும். அச்சிட்ட நூலைக் கருத்திற்கொண்டு எழுந்த அச்சட்டத்தின் வலைக்குள் மின்னூல் வருவதில்லை. கிண்டில் நூலுக்கு நிறுவனத்தின் அடையாள எண் போதும். பன்னாட்டுத் தரநூல் எண் கட்டாயமன்று. புனைபெயரில் வெளியாகி, ஆசிரியரால் எந்நாளிலும் திரும்பப் பெறத்தக்க புதினம், நூலடைவு எதிலும் இடம்பெறாமலே மறையக்கூடும். தளத்திலிருந்து தொடர் நீக்கப்படும்போது வாசகியரின் கருத்துரைகளும் உடன் அழிகின்றன. வாசகரின் சொல்லுக்கு இசையக் கதையின் போக்கு மாறியதா என்னும் வினாவுக்கு விடைதரக்கூடிய ஒரே சான்று அதுவே.

பாடவேறுபாடு காண்பது தமிழ்ப் புலமையின் முதற்பணிகளுள் ஒன்று. ஏட்டுச்சுவடி செல்லரித்தாலும், மற்றோர் ஊரில் மற்றொரு படி கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் அப்பணி நடந்தது. 'ஜகன்மோகினி'யின் தொடரையும் பின்வந்த நூலையும் இன்றும் ஒப்பிட இயலும். மின்னூலில் ஆசிரியர் ஓர் அத்தியாயத்தை மாற்றிப் புதிய கோப்பை ஏற்றிய அளவில், கடையில் பழைய கோப்பு இல்லாமற்போகிறது. முன்னுரையோ பதிப்புக் குறிப்போ அதனைத் தெரிவிப்பதில்லை. பெருந்தொற்றுக் காலப் புதினங்களை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர், வெளியான ஆண்டோடு பதிவிறக்கிய நாளையும் அடையாள எண்ணையும் குறித்துவைப்பதும், இசைவு தரும் ஆசிரியர்களிடமிருந்து தொடர்வடிவக் கோப்பைப் பெற்றுத் துறை நூலகத்தில் சேர்ப்பதும் உடனடியாகச் செய்யத்தக்கன. அந்நாளும் குறிக்கப்படாவிடின், மேற்கோள் காட்டப்பட்ட பத்தி அப்புதினத்தில் இருந்ததா என்பதைத் தேர்வாளர் சரிபார்க்க வழியில்லை.